வாசகர் கேள்வி பதில்: சுவரை வெட்டித்தான் வளர வேண்டும்

கேள்வி: பக்டீரியாவைச் சுற்றி உறுதியான கலச்சுவர் இருந்தால் அது எப்படிப் பெருக்கிறது? வளராத பக்டீரியாவைப் பெனிசிலின் கொல்லாது என்பது உண்மையா?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: உண்மைதான். உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே.

அந்தச் சுவர் கலம் முழுவதையும் மூடிய ஒரே வலை. பெயர் பெப்டிடோகிளைக்கன். இரண்டு வகை வெல்லங்கள் மாறி மாறிக் கோத்த சங்கிலிகளை அமினோ அமிலப் பாலங்கள் குறுக்கே பிணைக்கின்றன. உள்ளே நீரமுக்கம் எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே புதுத் துண்டு செருக வேண்டுமானால் பழைய பிணைப்பை அறுத்தாக வேண்டும். அறுத்த இடத்தை உடனே பிணைத்தும் ஆக வேண்டும்.

புதுத் துண்டு கலத்துக்குள்ளே, குழியவுருவில் உருவாகிறது. அதன் வாலில் ஐந்து அமினோ அமிலங்கள். கடைசி இரண்டும் டி-அலனீன். 55 காபன் கொண்ட கொழுப்புக் காவி ஒன்றில் ஏறி, மென்சவ்வைத் தாண்டி வெளியே வருகிறது. வெளியே கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.டீ.பி. கிடையாது. பிறகு பாலம் போடச் சக்தி ஏது? கடைசி டி-அலனீனைக் கழற்றும்போது அந்தப் பிணைப்பின் சக்தியே பக்கத்துச் சங்கிலியோடு இணைக்கப் பயன்படுகிறது. பரீட்சைக்கு வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பெனிசிலினின் வடிவம் அந்த இரட்டை டி-அலனீனை ஒத்தது. இணைக்கும் நொதியம் ஏமாந்து அதைப் பற்றி, விடுபட முடியாமல் முடங்குகிறது. அறுக்கும் நொதியங்களோ நிற்பதில்லை. சுவர் இளகி, நீர் புகுந்து கலம் வெடிக்கிறது. வளராத கலத்தில் அறுப்பும் இல்லை, இணைப்பும் இல்லை, மருந்துக்கு வேலையுமில்லை. 1956இல் அமெரிக்க உயிரியலாளர் யோசுவா லெடர்பேர்க் 20 சதவீதச் சுக்குரோசுக் (சீனி) கரைசலில் ஈ. கோலை என்ற பக்டீரியாவுக்குப் பெனிசிலின் கொடுத்தார். கோல் வடிவம் உருண்டையானது, ஆனால் வெளியே சீனிச் செறிவு இருந்ததால் நீர் உள்ளே பாயவில்லை, கலம் வெடிக்கவில்லை. கொல்வது நீரமுக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கேள்வி: நன்றாக உப்பிட்ட கருவாட்டிலும் செம்மை படிகிறதே? கழுவினாலும் திரும்ப வருகிறது.
– நிலாவெளி வாசகர்

பதில்: அந்தச் செம்மைக்குக் காரணம் பக்டீரியா அல்ல, உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற வேறொரு வகை நுண்ணுயிர்கள். வெயிலில் விளைந்த கடலுப்போடு வருபவை. இவற்றுக்குப் பெப்டிடோகிளைக்கன் சுவர் இல்லை. அவற்றில் ஹலோபக்டீரியம் வகையின் (பெயரில் மட்டுமே பக்டீரியா) புரத உறை உப்புச் செறிவில்தான் நிலைக்கும். நல்ல தண்ணீரில் கலம் உடைந்துவிடும். ஹலோகொக்கசு என்ற இன்னொரு வகைக்கோ வெல்லச் சங்கிலிகளாலான தடித்த பல்சக்கரைட்டுச் சுவர் உண்டு, கழுவலைத் தாங்கும். திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உப்பைக் கூட்டுவதால் பயனில்லை, அது அவற்றுக்குத் தீனி போட்டது போலாகும். உப்பை வறுத்து ஆறவைத்துப் பாவியுங்கள். பழைய உப்பை மறுபடி போடாதீர்கள். தொட்டியையும் பலகையையும் நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மீனை நன்றாக உலர்த்துங்கள். மாரி தொடங்கிக் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும். அப்போது கருவாட்டைக் காற்றுப்புகாப் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. 4 பாகை செல்சியசில் அவை வளரா.