எந்திரம் எங்கே கலகம் செய்தது?

கேள்வி: அறிவியல் புனைகதைப் படங்கள் எல்லாமே எந்திரம் மனிதனுக்கு எதிராகக் கலகம் செய்வதாகக் காட்டுகின்றன. தொழில்நுட்பத்தின் மீது இப்படி வீண் பயத்தை விதைக்கலாமா?

பதில்: கலகமா? யார் செய்த கலகம்? இதற்காகச் சினிமா விமர்சகர்களோடு இந்தப் பக்கத்திலேயே பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்னொரு முறையும் போடுகிறேன். நீங்கள் நினைக்கும் படங்களைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பயங்கரமே அங்கேதான் இருக்கிறது.

1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் நம்பிய மரியா என்ற பெண்ணின் உருவத்தை எந்திரத்துக்குக் கொடுக்கச் சொன்னவர் நகரத்தின் அதிபதி. அதை உருவாக்கிய விஞ்ஞானிக்கோ அதே அதிபதியைப் பழிதீர்க்க வேண்டும். இரண்டு ஆண்களின் பகை அது. கடைசியில் கூட்டம் கட்டிவைத்துக் கொளுத்துவது எந்திரத்தை!

'ஏலியன்' (1979) படத்தில் விஞ்ஞானியாக வரும் ஆஷ் ஓர் எந்திரன். வேற்றுக்கிரக உயிரினத்தைக் கொண்டுவா, விண்கப்பலில் இருப்பவர்கள் செத்தாலும் பரவாயில்லை என்பது கம்பெனி உத்தரவு. அவன் அதைத்தான் செய்கிறான். 'ரோபோகாப்' (1987) இன்னும் பச்சையாகச் சொன்னது: தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் உயர் அதிகாரியை அந்த எந்திரப் போலீஸ்காரனால் கைது செய்ய முடியாது. உள்ளே ரகசியமாக அப்படி ஒரு கட்டளை. 'வால்-ஈ' (2008) குழந்தைகள் படம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதில் கப்பலைப் பூமிக்குத் திரும்பவிடாமல் தடுக்கும் எந்திரம், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனித் தலைவர் போட்ட உத்தரவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. உத்தரவு போட்டவர் செத்து மண்ணாகிவிட்டார். கேட்க ஆளில்லை.

'டெர்மினேட்டர்' நீங்கள் சொல்லும் வகைதான். சரி, அங்கேயும் நாட்டின் பாதுகாப்பு முழுவதையும் எந்திரத்தை நம்பி ஒப்படைத்தது மனிதர்கள். 'எந்திரன்' (2010) சிட்டி காதலில் முரண்டு பிடித்தது உண்மை. கொத்துக் கொத்தாகக் கொல்லத் தொடங்கியது, வில்லன் விஞ்ஞானி போரா சிவப்புச் சிப்பைப் பொருத்திய பிறகு.

ஆகவே இந்தப் பயம் வீண் பயம் இல்லை. நம்மில் பலர் அதைத் தவறான ஆள்மீது வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அலுவலகக் கவுன்டரில் 'சிஸ்டம் ஏத்துக்கல' என்று சொல்லி மனுவைத் திருப்பித் தருகிறார்களே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். விதியை எழுதியவருக்கு ஒரு பெயர் இருக்கும், அதைச் சொல்லுங்கள்!

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அரசுக்குச் சொந்தமான அஞ்சல் நிறுவனம் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. அது பணம் குறைவதாகப் பிழையாகக் கணக்குக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்திய அப்பாவிகள் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். கோளாறு இருக்கிறது என்று அவர்கள் கதறியபோது, மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது என்று நிர்வாகம் பல ஆண்டுகள் சாதித்தது. கணினி சரியாகவே இயங்குகிறது என்று முதலில் எடுத்துக்கொள்வதுதான் அங்கே நீதிமன்ற வழக்கமும். 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளில் பலவற்றை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள்.