கத்தாமல் ஒரு கிளாஸ்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, சத்தத்தைப் பற்றித்தான். பார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொடுத்துப் பிழைத்தவனிடம் போய் அமைதிக்கு வழி கேட்கிறீர்கள்! சரி, எங்கெங்கே மாட்டினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

கேள்வி: எங்கள் நகரம் ராத்திரி பத்து மணிக்கும் ஜேஜே என்று இருக்கும். நானும் பழைய நண்பனும் எப்போதாவதுதான் சந்திக்கிறோம். எந்த பாருக்குப் போனாலும் காதுக்குள் கத்த வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு பீரோடு நிதானமாகப் பேச இடம் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அமைதியாக இருக்கும் பாரை ஒன்பது மணிக்கு அடையாளமே தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் குரலை உயர்த்தினால் நாமும் நம்மை அறியாமல் உயர்த்துவோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போவதால், பாட்டே போடாத பார்கூட கூட்டம் சேர்ந்ததும் சந்தைக்கடை ஆகிவிடும். ஆகவே திறந்ததும் போய் உட்காருங்கள். அதுவும் மறுநாள் எல்லோருக்கும் வேலை இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

அடுத்தது கூரையும் தரையும். உள்ளே நுழைந்ததும் மெனுவைப் பார்க்காமல் அண்ணாந்து பாருங்கள். பூசாத கான்கிரீட், வெளியே தெரியும் குழாய்கள், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் கண்ணாடி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் எழும் சத்தம் அடங்க வழியே இருக்காது. கார்ப்பெட், கனமான திரைச்சீலை, துணி போர்த்திய சோபா, புத்தக அலமாரி, இவையெல்லாம் இருந்தால் தாராளமாக உட்காரலாம்.

1890-களில் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடம் கட்டினார்கள். பேசினால் எதிரொலியில் ஒன்றுமே புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமந்துவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. கட்டட ஒலியியலே அந்த மெத்தைகளிலிருந்துதான் தொடங்கியது. பார் கட்டுகிற முதலாளிகளிடம் இந்தக் கதையை நான் சொல்லிப் பார்த்ததுண்டு. மெத்தை அழுக்காகும், கான்கிரீட் துடைத்தால் போச்சு என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

எந்த மாதிரி இடம் என்று கேட்டால், பெரிய ஓட்டல்களின் லாபி பாரை முதலில் சொல்வேன். விலை கூட இருக்கும், ஆனால் அந்த நாற்காலிக்கும் கார்ப்பெட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். அப்புறம் நாடக அரங்கம், கச்சேரி மண்டபங்களில் இருக்கும் பார். இடைவேளையில் கால் வைக்க இடமிருக்காது. நிகழ்ச்சி தொடங்கி மணியடித்த மறு நிமிடம் ஈ, காக்கை இருக்காது. டிக்கெட் இல்லாதவர்களையும் உள்ளே விடுகிறார்களா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜைக்குக் காத்திருப்பவர்களுக்காக உணவகங்களில் போடும் சின்ன பார் இன்னொன்று. காத்திருந்தவர்கள் சாப்பிடப் போனபின் அங்கே பார்டெண்டருக்கே பேச்சுத்துணை தேவைப்படும்.

டி.வி. திரை பெரிதாகத் தெரிகிற இடத்துக்கு மேட்ச் உள்ள நாளில் போக வேண்டாம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உட்காரும்போது கூரை மூலைகளில் சின்னக் கறுப்புப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். அறைக்குள் அவ்வளவு இறங்காது, ஆனாலும் இறங்கும். ஐஸ் உடைக்கிற இடம், மிக்ஸர் ஓடுகிற இடம், கழிவறைக் கதவு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சாய்மானம் தலைக்கு மேல் உயர்ந்த இருக்கை கிடைத்தால் உடனே போய் உட்காருங்கள்.

கேள்வி: பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் பேச்சு காதில் விழவில்லையா, விழாதது மாதிரி நடிக்கிறார்களா?

பதில்: பாதி நடிப்புதான். பிரான்ஸில் நிக்கொலா கெகன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாரில் பாட்டுச் சத்தம் 72 டெசிபலில் இருந்தபோதும், அதை 88-க்கு ஏற்றியபோதும், பீர் குடிக்க வந்த இளைஞர்களைக் கவனித்தார்கள். சத்தம் ஏறியபோது கிளாஸ் சீக்கிரம் காலியானது, கூடுதலாகவும் குடித்தார்கள். பேச முடியாத வாய் வேறென்ன செய்யும்?

ஆனால் எல்லா முதலாளிகளும் ஆய்வு படித்துவிட்டு ஏற்றுவதில்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் முதலாளி தெருவில் இறங்கி நின்றுகொண்டு, 'இங்க வரைக்கும் கேக்கணும்' என்று கையைக் காட்டினார். உள்ளே ஒரு மேஜையில்தான் ஆள். காலியாக இருப்பது வெளியே தெரியக் கூடாது என்ற பயம் அவருக்கு. இன்னொரு விஷயம், கூட்டம் ஏறும்போது வால்யூமையும் ஏற்றுவார்கள். கூட்டம் கலைந்ததும் இறக்க யாருக்கும் ஞாபகம் வராது. அந்த நேரத்தில் கேட்டால் உடனே குறைப்பார்கள், சமயத்தில் நன்றியும் சொல்வார்கள்.

கேட்கும் விதமும் உண்டு. 'சத்தம் ஜாஸ்தி' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இந்த மேஜைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரை மட்டும் குறைக்க முடியுமா?' என்று கேளுங்கள். பல இடங்களில் பகுதிவாரியாகத் தனித்தனி குமிழ் வைத்திருப்போம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கேட்பது உத்தமம்.

கேள்வி: வேலை முடிந்ததும் தனியாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் வைன் குடிக்கப் பிடிக்கும். ஆனால் பெண்ணாகத் தனியே போகும்போது, அமைதியான இடம் என்றாலே ஆளரவமற்ற இடமாக இருக்கிறது. பயமாக இருக்கிறதே?

பதில்: ஆளில்லாத இடத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம் அம்மா. உங்களுக்கு வேண்டியது ஆள் இருந்தும் இரைச்சல் இல்லாத இடம். மூலை மேஜை எனக்குச் சரி, உங்களுக்குக் கவுன்ட்டரின் ஓரத்து ஸ்டூல்தான் நல்லது. பார்டெண்டர் கண்ணெதிரே இருப்பார், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம்தான் ஆள் வர முடியும். யாராவது வலிய வந்து பேச்சுக் கொடுத்தால் முதலில் கவனிப்பவரும் அவராகத்தான் இருப்பார். கிளாஸை விட்டுவிட்டு எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்து புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைத் தொட வேண்டாம். வீடு திரும்ப வண்டி எது என்பதை முதல் வாய்க்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த இடம் பிடித்துப்போனால் அடிக்கடி அங்கேயே போங்கள். முகம் பழகினால் பாதுகாப்பு தானாக வரும்.

கேள்வி: அறுபதைத் தாண்டிவிட்டேன். வீட்டில் நன்றாகவே காது கேட்கிறது. பாரில் மட்டும் எதிரே இருப்பவர் சொல்வது பாதி புரிவதில்லை. போதையா, வயதா?

பதில்: ஒரு கிளாஸுக்கே என்றால் போதையைக் குறை சொல்ல மாட்டேன். இரைச்சலுக்கு நடுவே ஒரே குரலைப் பிரித்துக் கேட்பது மூளைக்குப் பெரிய வேலை. 1953-ல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் இதை ஆராய்ந்து 'காக்டெயில் பார்ட்டி சிக்கல்' என்றே பெயர் வைத்தார். வயது ஏற ஏற உச்ச சுருதி ஒலிகள் முதலில் மங்கும். 'ச', 'த' எல்லாம் நழுவிப்போய் உயிரெழுத்து மட்டும் காதில் விழும். நண்பரின் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி அவரை உட்கார வையுங்கள், உதடு அசைவு பெரிய துணை. ஒரு முறை செவித்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அதை பாரில் செய்ய மாட்டார்கள்.

கேள்வி: அருமையான, அமைதியான ஓரிடம் கண்டுபிடித்துவிட்டேன். நண்பர்களிடம் சொல்லலாமா?

பதில்: ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.