வாசகர் கேள்வி–பதில்: எம்.எஸ். நோயில் அசதியும் தள்ளாட்டமும்

கேள்வி: எனக்கு வயது 38. சில ஆண்டுகளாக மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறை சிதையும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் இருக்கிறது. இரவு நன்றாகத் தூங்கினாலும் பிற்பகலுக்குள் உடல் ஓய்ந்துபோகிறது. மாலையில் நடை தள்ளாடுகிறது. முகம் கழுவும்போது கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவேனோ என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். கைகால்களில் வலு குறையவில்லை என்று மருத்துவர் கூறியதால், வீட்டில் இதைச் சோம்பல் என்கிறார்கள். நான் ஓய்வெடுக்க வேண்டுமா, பயிற்சி செய்ய வேண்டுமா?

பதில்: இது சோம்பல் அல்ல என்பதை உங்கள் வீட்டார் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் நான்கில் மூவருக்கு இத்தகைய அசதி இருக்கிறது. பலருக்கு நோயின் மிகக் கடினமான பகுதியே அதுதான்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதமும் கணுக்காலும் தரும் தொடு உணர்வு ஆகிய மூன்றும் தேவை. பாதத்திலிருந்து தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மேலேறும் செய்தி, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் உறை சிதைந்திருந்தால் தாமதமாகவே மூளையைச் சேர்கிறது. அதனால் உடல் சாயத் தொடங்கிய பிறகுதான் திருத்தம் வருகிறது. இக்குறையை மூளை பார்வையைக் கொண்டு ஈடுகட்டுவதால், கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விடுகிறது. கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி நரம்பியல் மருத்துவர்கள் செய்யும் ராம்பெர்க் சோதனை இதைத்தான் கண்டறிகிறது. படுக்கவைத்துக் கைகால் வலுவை மட்டும் பார்த்தால் இது தெரியவராது.

தானாக நடக்க வேண்டிய இந்த வேலையை நீங்கள் கவனம் செலுத்திச் செய்ய வேண்டியிருப்பதால், நிற்பதும் நடப்பதுமே உங்கள் சக்தியைக் கரைக்கின்றன. சக்தி கரையக் கரையத் தள்ளாட்டம் கூடுகிறது. அசதியையும் சமநிலையையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்காவின் கொலராடோவில் எம்.எஸ். உள்ள 38 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், தலையையும் கண்ணையும் அசைத்தபடி சமநிலையைப் பேணும் வெஸ்டிபுலர் பயிற்சியைப் பெற்றவர்களுக்குத் தள்ளாட்டத்துடன் அசதியும் குறைந்தது. ஆகவே ஓய்வு மட்டும் போதாது, பயிற்சி தேவை. ஆனால் அதை அசதி ஏறுவதற்கு முன், காலையிலேயே, பிசியோதெரபிஸ்ட் வகுத்துத் தரும் அளவில், பிடித்துக்கொள்ள உறுதியான ஏதாவது அருகில் இருக்கும்படி செய்யுங்கள்.

அதற்கு முன்பாக, அசதிக்கு வேறு காரணங்கள் உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும். சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுவது, மனச்சோர்வு, இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவை அசதியைக் கூட்டும். தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோஃபென், டைசானிடின் போன்ற மருந்துகளும் அப்படியே. அசதிக்கென்றே மாத்திரை கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: அமான்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் 141 பேரிடம் சோதித்து 2021இல் வெளியான ஆய்வில், அவற்றில் எதுவும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாக இல்லை. குளியலறையில் கைப்பிடியும் உட்கார்ந்து குளிக்க ஓர் இருக்கையும் பொருத்துவதற்குத் தயங்க வேண்டாம்.

கேள்வி: வெந்நீரில் குளித்து வந்தால் என் கணவருக்குக் கால் துவண்டு, பார்வையும் மங்குகிறது. எம்.எஸ். முற்றுகிறதா?

பதில்: இல்லை. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்ஹாஃப் 1890இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் நிகழ்வு இது. உறை இழந்த நரம்பிழைகள் உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் செய்தி கடத்தத் திணறுகின்றன. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடும், புதிய சிதைவு எதுவும் நேர்வதில்லை. இளஞ்சூடான நீரே போதும். உடற்பயிற்சியின்போது விசிறியும் குளிர்ந்த குடிநீரும் உதவும். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய குறை ஏதேனும் தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நோய் மீண்டும் கிளர்ந்திருக்கலாம் என்பதால், அடுத்த முன்பதிவு நாள் வரை காத்திராமல் நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். காய்ச்சல் இருந்தால் சிறுநீர்த் தொற்று உள்ளதா என்று முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.