மதுரையில் பன்னிரண்டு, அங்கே ஏழரை

தங்கச்சி, நீ கேட்டது இதுதானே: ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய், மாமியார் வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும் பரிசும் எல்லாம் டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலமே. உன் அம்மாவோ, நடுராத்திரிப் பூசை இல்லாமல் அது என்ன பெருநாள் என்கிறார். இதில் பிள்ளைக்கு எதைப் பழக்குவது? நானும் அதே நாட்டில் குடும்பம் நடத்துகிறவள்தான். இப்போது லீவில் மதுரை ஞானஒளிவுபுரத்தில் அம்மா வீட்டில் இருப்பதால் சாவகாசமாக எழுதுகிறேன்.

பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு என்று பாகப்பிரிவினை பண்ணாதே. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் அடங்கிய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு தொடங்கி ஜனவரி 6 வரைக்கும் நாள் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஞாயிறுக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம் அவர்கள் வழக்கம், அப்படியே எடுத்துக்கொள். டிசம்பர் 5 ராத்திரி பிள்ளைகள் பூட்சைத் துடைத்து வாசலில் வைத்தால், மறுநாள் நிக்கோலாஸ் திருநாளுக்குச் சாக்லேட்டும் கொட்டையும் இருக்கும். (மதுரைக்கு வந்தால் இதை முயலாதே. நம்ம தெரு நாய்கள் பூட்சையே தூக்கிக்கொண்டு போய்விடும்.)

எனக்கு மிகவும் பிடித்தது டிசம்பர் 4, புனித பார்பரா நாள். அன்றைக்கு என் மாமியார் செர்ரி மரத்தில் ஒரு கிளையை வெட்டித் தண்ணீர் ஜாடியில் வைப்பார். வெளியே மரமெல்லாம் மொட்டையாக நிற்க, வீட்டுக்குள் அது கிறிஸ்துமஸ் வாக்கில் பூக்கும். நாம் கிறிஸ்துமஸ் குடிலில் பச்சைப் பயிராக வைக்கக் கேழ்வரகு விதைப்பதும் இதே கணக்குதானே? அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 12, 13 தேதிவாக்கில் முழுக் கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, துணியில் கட்டி முளை விட்டதும், தட்டில் மெல்லிசாக மண் பரப்பித் தூவு. இரண்டு நாள் மூடி வை. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மேலே வேண்டாம், காய்ந்துவிடும். முளைப்பாரி பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஈழத் தமிழர் கடையில் கேழ்வரகு கிடைக்கும். மாவை வாங்கி வந்துவிடாதே. கிடைக்காவிட்டால் கோதுமை. இப்போதெல்லாம் தட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது மாமியார்தான், என்னைத் தொட விடுவதில்லை.

நட்சத்திரத்துக்குச் சண்டையே வராது. ஹெர்ன்ஹூட் ஊர்க் காகித நட்சத்திரம் அவர்களுக்கு உயிர், நமக்கும் வாசலில் நட்சத்திரம் தொங்கியாக வேண்டும்.

இனி 24. கடைகள் மத்தியானத்தோடு மூடிவிடும், 25ம் 26ம் விடுமுறை. ஆட்டுக்கறியை 23ஆம் தேதியே துருக்கிக் கடையில் வாங்கி வை. 24 ராத்திரி நிறைய வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். இருந்துவிட்டுப் போகட்டும், பிரியாணியை 25 மத்தியானத்துக்கு வைத்துக்கொள். என் வீட்டுக்காரர் லூத்தரன் சபை. சாயங்காலம் அவர்கள் கோயிலில் பிள்ளைகள் குடில் நாடகம் போடுவார்கள், எல்லோரும் போவோம்.

அப்புறம்தான் நம்ம நேரம். குளிர்காலத்தில் ஊர் நாலரை மணி நேரம் முந்தி. அங்கே இரவு 7.30 ஆனால் மதுரையில் பன்னிரண்டு. பங்குக் கோயில் பூசையை நேரலையில் போட்டுவிடுவோம். குடிலில் பாலன் இயேசு மட்டும் அதுவரை இருக்காது. வானவர் கீதம் பாடி மணி அடிக்கும்போது எங்கள் சின்னவள் கேழ்வரகுப் பயிரை ஒதுக்கி நடுவில் பாலனை வைப்பாள். மரத்தடிப் பரிசுகளை அதற்கப்புறம்தான் பிரிக்க வேண்டும். இந்தச் சட்டம் போட்டது நான் இல்லை, மாமனார். உன் அம்மாவிடம் இந்த 7.30 கணக்கைச் சொல்லிப் பார், பாதிக் கோபம் இறங்கிவிடும்.

அதிரசம், முறுக்கை மாடி வீட்டுக்காரர்களுக்குத் தட்டில் கொடுத்துவிடு, வெண்ணெய் பிஸ்கட்டோடு தட்டு திரும்பி வரும். ஜனவரி 6ஐ ஒட்டி, மூன்று ராஜாக்கள் வேஷத்தில் பிள்ளைகள் வந்து பாடி, கதவு நிலையில் சாக்பீஸால் ஆசி எழுதிவிட்டுப் போவார்கள். நம்ம கேரல் ரவுண்டு போலத்தான், உண்டியலும் உண்டு. அந்தக் காசு உலகெங்கும் கஷ்டப்படும் பிள்ளைகளுக்குப் போகிறது. அது வரைக்கும் குடிலைக் கலைக்காதே.