தொற்றுக் காலப் பதற்றம்: இரவு 2 மணி முடிவுகளைப் பகலிலேயே எடுத்து வைப்பது எப்படி?

கேள்வி: 2021 கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுத் தனிமையில் இருந்தபோது நோயைவிடப் பதற்றம்தான் எங்களை அதிகம் படுத்தியது. ஆக்ஸிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீடே விழித்திருந்தது. அப்படி ஒரு தொற்று மறுபடி வந்தால் மனதை எப்படிக் கையாள்வது?

பதில்:

நீங்கள் சொல்லும் ஆக்ஸிமீட்டரிலேயே பாதி விடை இருக்கிறது. விரலில் மாட்டுகிறீர்கள், இரத்தத்தில் ஆக்ஸிஜன் 97 சதவீதம் என்று காட்டுகிறது, மனம் ஆறுகிறது. பத்து நிமிடம் போனதும் "இப்போது எவ்வளவோ" என்று தோன்றுகிறது, மறுபடி மாட்டுகிறீர்கள். பார்க்கும்போது கிடைக்கிற அந்தச் சின்ன நிம்மதிதான் சிக்கல். பார்த்தால்தான் நிம்மதி என்று மூளை பழகிக்கொள்கிறது. இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. செய்தி சேனலை மாற்றி மாற்றிப் பார்ப்பது, எச்சில் விழுங்கித் தொண்டை வலிக்கிறதா என்று சோதிப்பது, காபித்தூளை முகர்ந்து வாசனை தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் இதே வகைதான். இந்தச் சுழலில் இருப்பவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. எப்போது பார்ப்பது, என்ன எண் வந்தால் என்ன செய்வது, இந்த இரண்டையும் தலை தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். அப்புறம் இரவு 2 மணிக்கு முடிவெடுக்கும் வேலை யாருக்கும் இருக்காது.

ஒரு முழுத் தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

1. அளவிடும் நேரம். வீட்டில் நோயாளி இருந்தால், விழித்திருக்கும் நேரத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இடையில் புதிதாகத் தொல்லை வந்தால் மட்டும் கூடுதலாக ஒருமுறை.

2. எல்லை எண். கொரோனாவுக்கு 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுத் தனிமை நெறிமுறை, ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 3 முறை 93 அல்லது அதற்குக் கீழே காட்டினால், அல்லது மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் மருத்துவ உதவி தேடச் சொன்னது. விடாத நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, 3 நாளுக்கு மேல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்து வரும் தொற்றுக்கு எண்கள் மாறும். அரசு அப்போது என்ன வெளியிடுகிறதோ அதை எழுதுங்கள். அண்டை வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை எழுதாதீர்கள்.

3. எல்லை தாண்டினால் யாரை அழைப்பது. குடும்ப மருத்துவர், 108, போக வேண்டிய மருத்துவமனை, அது நிரம்பியிருந்தால் இரண்டாவது மருத்துவமனை. வண்டி யாருடையது, கூடப் போவது யார் என்பது வரை.

4. கையில் எடுத்துப் போகும் பை. ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், சார்ஜர், காப்பீட்டு அட்டை.

அந்த 2022 நெறிமுறை "3 முறை" என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. ஆக்ஸிமீட்டரில் இரண்டு புள்ளி முன்பின் இருப்பது சாதாரணம். 97 இருந்தது 95 ஆகிவிட்டதே என்று பதறுவதற்கு முன் கருவியின் பிழையைக் கழித்துப் பாருங்கள். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, கை நடுக்கம், பேட்டரி தீர்ந்துபோதல், இவை எல்லாமே எண்ணைக் கெடுக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் ஆடாமல் இருந்த பிறகு நிலையாக நிற்கும் எண்ணையே குறிக்க வேண்டும். மாட்டிய உடனே மின்னும் 88-ஐப் பார்த்துத்தான் பாதி வீடுகளில் அலறல் கிளம்புகிறது. மறுபக்கமும் உண்டு: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சை நம்புங்கள். அதனால்தான் தாளில் மூச்சு எண்ணிக்கையும் இருக்க வேண்டும். நோயாளிக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு தானாக மாறிவிடும்.

பதற்றமே மூச்சுத் திணறலாக வருவதும் உண்டு. பலர் மிரண்டு போகும் இடம் இதுதான். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும், "காற்றே போதவில்லை" என்று தோன்றும். ஆக்ஸிமீட்டரோ 98, 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். பொதுவாகப் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். உட்கார்ந்தபடி மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக விட வேண்டும். "நன்றாக இழுங்க, இழுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் ஊக்கப்படுத்தினால் நிலைமை மோசமாகும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே ஆக்ஸிஜன் குறைந்தவருக்கு அது ஆபத்து. அரை மணி ஆகியும் இறங்காதது, நடந்தால் கூடுவது, எண் குறைவது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, இதில் எது இருந்தாலும் "பதற்றம்தான்" என்று ஒதுக்காமல் தாளில் உள்ள மூன்றாவது வரிக்குப் போங்கள்.

இதே முறை டெங்குவுக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தமிழ்நாட்டு வீடுகளில் ஆக்ஸிமீட்டரின் இடத்தை இரத்தத்தின் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பிடித்துக்கொள்கிறது. இயல்பு அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை அது இறங்குவது நோயின் வழக்கமான போக்கு. 80,000 என்று சீட்டு வந்ததும் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று ஓடுவது தேவையற்றது. இரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கிறார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் ஆட்கள் நிம்மதியாகிவிடுவதுதான் இதில் பெரிய கோளாறு: காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவை எல்லை வரிகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது. தட்டணுப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், ஆய்வகத்துக்குக் காலையும் மாலையும் ஓடும் அலைச்சலும் செலவும் மிச்சம்.

செய்தி விஷயத்துக்கு வருகிறேன். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு செய்யப்பட்ட ஆய்வில், அந்த வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களிடம், சம்பவ இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிடவும் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. தொற்றுக் காலத்தில் இந்த 6 மணி நேரம் வெகு சாதாரணமாகத் தாண்டப்படுகிறது, ஏனென்றால் டிவி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒருவரை மட்டும் செய்தி பார்ப்பவராக வையுங்கள். அவர் காலை உணவுக்குப் பிறகு 15 நிமிடம், மாலையில் சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கை வந்த பிறகு 15 நிமிடம் பார்த்துவிட்டு, நமக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் மற்றவர்களிடம் சொன்னால் போதும். இரவு 8 மணிக்கு மேல் யாருக்கும் இல்லை. அந்த நபர் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. அது ஒருநாளும் குறையாது, கூட்டிக்கொண்டே போகும் எண். பார்க்க வேண்டியவை உங்கள் மாவட்டத்தின் ஏழு நாள் சராசரி, பரிசோதனை செய்தவர்களில் தொற்று உறுதியானோர் சதவீதம், காலிப் படுக்கைகள், இந்த மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைந்தால் திங்கள் எண் இறங்கும், செவ்வாய் ஏறும். அதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்த செய்தி. 2020 ஏப்ரலில் அத்தகையவற்றை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே கட்டுப்படுத்தியது. குழுவை 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள். பெரியப்பா அனுப்பிய கசாயக் குறிப்பை எதிர்த்து வாதாடப் போகாதீர்கள், அது வேறொரு மன உளைச்சல்.

தூக்கம் போனால் பதற்றம் இரட்டிப்பாகும். படுத்து 20 நிமிடமாகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஒரு வேலை (துணி மடிப்பது, பயறு பொறுக்குவது), கண் சொருகியதும் திரும்ப வந்து படுப்பது. எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மதியம் 2-க்கு மேல் காபி, டீ வேண்டாம். இதையெல்லாம் செய்தும் தூக்கம் வராதவர்கள் மருந்துச் சீட்டைப் பாருங்கள். கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட பலருக்கு டெக்ஸாமெதசோன் கொடுக்கப்பட்டது. அந்த வகை ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலும் படபடப்பும் தரும், சர்க்கரையையும் ஏற்றும். மூச்சுத் திணறலுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கை நடுங்கும். மாத்திரையின் வேலையை மனதின் கோளாறு என்று நினைத்து நொந்துபோனவர்கள் ஏராளம். நீங்களாக நிறுத்தாமல், காலை வேளைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. தினமும் மாலை 5 முதல் 5.30 வரை, ஒரே நாற்காலியில், நோட்டுடன் உட்காருங்கள். மற்ற நேரத்தில் தோன்றுவதை ஒரு சொல்லில் குறித்துவிட்டு "அஞ்சு மணிக்கு" என்று தள்ளிப் போடுங்கள். உட்காரும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளை செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கோடு போடுங்கள். படுக்கைக்கு முன் இதைச் செய்தால் எதிர்விளைவுதான்.

இதில் கோடு போடக் கூடாத கவலை பணம். வாடகை, தவணை, நின்றுபோன சம்பளம், இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி சொல்வது கிண்டல் செய்வது போலத்தான். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. சலுகை அறிவிக்கப்பட்டால் முதல் வாரமே வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி: "ஒத்திவைத்தால் மொத்தம் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும்?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்ட முடிகிறவர் கட்டிவிடுவதே பெரும்பாலும் லாபம்.

குடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2020 மார்ச்சில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, தினமும் குடித்துவந்தவர்கள் பலருக்கு வந்தது பதற்றம் இல்லை, மது நிறுத்தத்தின் உடல் விளைவு. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது வரை போகலாம். இது உயிரைப் பறிக்கும். மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், நிறுத்தத்துக்கு முறையான மருந்து உண்டு. கை கழுவும் சானிடைசரையும் வார்னிஷையும் வீட்டில் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவற்றைக் குடித்து அந்த ஆண்டு இறந்தவர்கள் உண்டு.

பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரையைத் தெரிந்த கடையில் சீட்டில்லாமல் வாங்கி ஆளுக்குப் பாதியாகப் போடுவதும் நடக்கிறது. முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சில வாரங்களில் அளவு போதாமல் போகும், நிறுத்தினால் முதலில் இருந்ததைவிடக் கடுமையான பதற்றம் திரும்பும். மூச்சுப் பாதிப்பு உள்ளவருக்கு அது மூச்சையும் மந்தமாக்கலாம்.

மேலே சொன்னதைச் செய்தும் இரண்டு வாரமாகச் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் கெட்டுக் கிடந்தால், கை கழுவுவதே நாளில் மணிக்கணக்கில் போனால், மனநல மருத்துவர் தேவை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். இந்தியாவில் 14416 (அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து, 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல்), இலங்கையில் 1926. ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளின் அடியில் இந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துக்கொள்பவருக்கும் அது தேவைப்படலாம்.