மாவுக்கு அவசரமில்லை

அன்புள்ள ஐயா,

விடுமுறை நாளில் வீட்டில் இருந்தபடி ரொட்டி, ஸ்கோன் என்கிற சின்ன வட்ட பன், கேக் எல்லாம் செய்வதுதான் உங்களுக்கு ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி சென்ற ஞாயிறு நானும் இறங்கினேன். காலையில் மூன்றுக்கும் ஒரேயடியாக மாவு கலந்து வைத்தேன். ரொட்டி செங்கல்லாக வந்தது. ஸ்கோன் எழும்பவே இல்லை. கேக் நடுவில் குழிந்துபோனது. இரவு பாத்திரம் தேய்த்து முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதில் ஓய்வு எங்கே இருக்கிறது?

வி.

அன்புள்ள வி.,

முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டது என் தப்புதான். மூன்றையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. காலையில் முதலில் ரொட்டி மாவு. அதன்பின் அது விடுகிற இடைவெளியில்தான் மற்றதெல்லாம்.

அரை கிலோ மைதா, 10 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 325 மில்லி தண்ணீர். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடு 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். உங்கள் செங்கல்லுக்கு அது காரணமாக இருக்கலாம், அல்லது மாவு எழும்பும்வரை நீங்கள் பொறுக்காமல் இருந்திருக்கலாம். பத்து நிமிடம் பிசையுங்கள். முதல் ஐந்து நிமிடம் மாவு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும், இழுத்தால் பிய்யும். இன்னும் கொஞ்சம் மைதா தூவலாமா என்று கை துறுதுறுக்கும். தூவாதீர்கள். அப்புறம் எப்போது என்று தெரியாமல் ஒட்டுவது நின்றுவிடும். ஒரு துண்டைக் கிள்ளி மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் பிடித்தால், கிழியாமல் ஜவ்வு மாதிரி விரிந்து வெளிச்சம் தெரியும். மூடி வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். ஒரு மணி நேரம் என்று குறிப்பில் போட்டிருப்பார்கள். குளிர்ந்த சமையலறையில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இரண்டு மடங்கு ஆனதா என்று மட்டும் பாருங்கள்.

சீக்கிரம் பொங்கினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஒருமுறை நான் உப்புப் போட மறந்துவிட்டேன். ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்துவதே உப்புதான், அது இல்லாததால் மாவு மளமளவென்று ஏறியது. கை தேர்ந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். ரொட்டியை வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, காகிதத்தைத் தின்பது போல இருந்தது.

கேக்குக்குரிய வெண்ணெயையும் முட்டையையும் மாவு பிசையும்போதே வெளியே எடுத்து வைத்துவிட்டால், மாவு எழும்புவதற்குள் அவையும் பதத்துக்கு வந்திருக்கும். அந்த இடைவெளியில் கலந்து 180 டிகிரியில் வைத்துவிடலாம். நடுவில் குழிந்தது என்கிறீர்களே, பாதி வேகும்போது ஓவன் கதவைத் திறந்து பார்த்தீர்களா? கேக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றில் நம்மைப் பதற்றப்படுத்துவது அதுதான்.

ரொட்டி மாவை அழுத்திக் காற்றை இறக்கி, உருட்டி டின்னில் போட்டு மறுபடி எழும்ப விடுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரமிருக்கிறது, சோம்பலாக, பாதி மட்டும் எழும்பினால் ஓவனில் வைக்கலாம். 220 டிகிரி, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கவிழ்த்து அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் டொக்கென்று கேட்க வேண்டும்.

ஸ்கோன் கடைசி. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். காலையிலேயே கலந்து வைத்த உங்கள் மாவு, ஓவன் காலியாகட்டும் என்று காத்துக் கிடந்ததிலேயே வலுவை இழந்திருக்கும். ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற வெண்ணெயை விரல் நுனியால் மைதாவில் உதிர்த்து, பால் விட்டுக் கத்தியால் கிளறுங்கள். பிசையாதீர்கள். ரொட்டிக்குச் செய்ததை எல்லாம் இதற்குச் செய்யாமல் இருந்தாலே பாதி வெற்றி. இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுங்கள். திருகினால் ஓரம் நசுங்கி, ஸ்கோன் ஒருபக்கமாகச் சாயும். ரொட்டி வெளியே வந்ததும் அதே 220 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம்.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரொட்டியைச் சுடச்சுட அறுத்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பசியோடு அதையே பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்கத்தான் சூடான ஸ்கோன். கம்பித் தட்டில் ரொட்டி ஆறும்போது மேல்தோல் சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம் வரும். நீங்கள் கேட்ட ஓய்வு எனக்கு அங்கேதான் கிடைக்கிறது. அப்போது ரேடியோவைக்கூட அணைத்துவிடுவேன்.

வரும் ஞாயிறு ரொட்டி மட்டும் செய்யுங்கள். பிசைந்த பாத்திரத்தில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் மாவு பசையாகிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் இடுப்பைப் பதம் பார்த்தது அநேகமாக அதுதான்.