ஆவாரையும் தும்பையும் இருக்கட்டும்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பூசணி பூத்தும் பிஞ்சுகள் வெம்பி உதிர்கின்றன. தேனீக்களை வரவழைக்க எந்த நாட்டுச் செடிகளை வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்வதால், காலையில் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு நிற்காது. துளசியையும், களை என்று நாம் பிடுங்கியெறியும் தும்பையையும் வேலியோரம் பூக்க விடுங்கள். ஆவாரையும் இருக்கட்டும், ஆனால் ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு, அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகவே வெளிவரும் என்பதால், கருவண்டு போலத் தோன்றும் தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதை உதிர்க்கிறது. ஆவாரை இலையைப் பட்டாம்பூச்சிப் புழுக்கள் தின்னும். அதற்காக மருந்தடிக்க வேண்டாம். உன்னிச்செடியைப் பட்டாம்பூச்சிகள் மொய்த்தாலும், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்த செடி என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். துளசியும் தும்பையும் ஆவாரையும் பூக்கும்வரை, காலையில் பூசணியின் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் நீங்களே தடவலாம்.